தாழ்ப்பாளைத் தொடும் அத்தை

வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கி, வெடிபொருள் பாதுகாப்புத் துறையில் சேர்ந்து, டெல்லியில் பெரிய அதிகாரியாக உட்கார்ந்தவர் எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா. ஊரே பெருமைப்பட்டது. எங்களுக்கோ அவர் வந்தாலே உதறல். எந்த அறைக்குள் நுழையும்போதும் தாழ்ப்பாளில் உள்ளங்கையை வைத்து, கண்மூடி ஒரு கணம் நிற்பார். உள்ளிருந்து யாரோ வரச்சொன்ன பிறகுதான் காலெடுத்து வைப்பதுபோல் இருக்கும்.

பட்டாசுக் கொட்டகை வாசலில் செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் ஏறிய மின்சாரம் மண்ணுக்குள் இறங்கட்டும் என்று அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உத்தியோகம் அக்காவின் கையில் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அப்பா சிரிப்பார்.

ஒரு வருடம் இருக்கன்குடித் திருவிழாவுக்காக அத்தை எங்கள் ஊர் அச்சங்குளத்துக்கு வந்திருந்தார். அப்பாவின் சின்னப் பட்டாசுக் கம்பெனி மழையில் ஒழுகியதால், கலந்து வைத்த வெடிமருந்தை அப்பா சட்டத்துக்குப் பயப்படாமல் வீட்டுப் பின்னறையில் போட்டுப் பூட்டியிருந்தார். அக்காவுக்குத் தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும் என்பதுதான் அவருடைய ஒரே பயம். அந்த அறையிலிருந்து மூத்திர நெடி வந்தது. அம்மா பூனையைத் திட்டினாள். எங்கள் தெருவில் பூனையே கிடையாது.

மதியச் சாப்பாட்டில் பாதியில் அத்தை எழுந்தார். பின்னறைத் தாழ்ப்பாளில் கை வைத்தார். நெடுநேரம் நின்றார். திறக்கவில்லை.

“எல்லாரும் வெளிய போங்க. ஓடாதீக. எந்தச் சுவிட்சயும் தொடாதீக.”

என் விரலைப் பிடித்த அவர் கை சில்லிட்டிருந்தது. எதிர்ப்புறப் புளியமரத்தடிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த பிறகு பின்னறை வெடித்துக் கூரையோடு போனது. ஈரம்பட்ட மருந்து தானாகவே சூடேறும், அந்த நெடிதான் அதற்கு அடையாளம் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது.

கம்பெனி போய்விடுமே என்று அப்பா அழுதார்.

“போகட்டும்லே. நீ இருக்கேல்ல” என்றார் அத்தை. துறைக்கு அவரே போன் செய்தார். கம்பெனி போனது. அப்பா பல வருடம் அவரோடு பேசவில்லை.

டெல்லிக்குக் கிளம்பும்போது அத்தை, மிஞ்சிய வீட்டின் வாசல் தாழ்ப்பாளையும் தொட்டு நின்றார். யாரிடம் கேட்கிறீர்கள் என்று கேட்டேன்.

“உள்ள இருக்கவுககிட்டதான்.”

என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். ஆட்களோடு எரிந்த கொட்டகைகளுக்குள் முதல் ஆளாக நுழைந்து காரணம் கண்டுபிடிப்பதுதான் அத்தை இளவயதில் பார்த்த வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது. மரக்கதவில் திருகிய தாழ்ப்பாள் வழியாக எந்த மின்சாரமும் மண்ணுக்குள் இறங்காது என்பதும் தெரியாது. டாக்டர் பட்டம் வாங்கிய அத்தைக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?