யாளியோடு துண்டு போட்டுப் பேசியவர்

பழைய நாள்காட்டித் தாளின் முதுகில் நான் வரைந்த அந்த வரைபடத்தில் மலை இருந்தது, ஆறு இருந்தது, ஏழு ஊர்கள் இருந்தன. உள்ளே போய் வாழத்தான் ஆளில்லை. சென்னையிலிருந்து தேனி வங்கிக் கிளைக்கு மாற்றலாகி, கோம்பையில் அக்கா வீட்டு மாடியில் குடியேறிய புதிதில், ஆறு மாதம் உட்கார்ந்து அந்த உலகத்தை உண்டாக்கினேன். ஒருவர் கதை நடத்தி, எதிரே வரும் மிருகங்களாகவும் தானே பேச, மற்றவர்கள் வீரனாகவும் மந்திரக்காரியாகவும் மாறி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம் அது. என்னோடு ஆடிய கூட்டம் சென்னையிலேயே நின்றுவிட்டது. இங்கே சொன்னால், "தாயமா?" என்றார்கள். பேச்சுத் துணைக்கு ஒரு நாதியில்லாமல் நான் பட்ட பாடு கொஞ்சமா! முதல் ஆட்டம் சொதப்பினால் மறுவாரம் ஒருவரும் படியேற மாட்டார்கள் என்ற பயம் வேறு.

கெஞ்சிக் கூத்தாடி மூன்று பேரைப் பிடித்தேன். கணக்கு டீச்சரான அக்கா, தெருமுனை மருந்துக்கடை அண்ணாச்சி, அப்புறம் அத்தான். அத்தானுக்கு மாட்டுத் தரகு. சந்தையில் ஓயாமல் பேசுபவர், வீட்டுக்கு வந்தால் வாயைப் பூட்டிவிடுவார். "கொழுந்தியா கூப்பிட்டு வராம இருக்க முடியுமா" என்று உட்கார்ந்தவர், அதன்பின் பகடையைக் கையால் தொடவில்லை.

ஒரு மணி நேரம் ஆட்டம் நொண்டியது. அக்கா ஒவ்வொரு உருட்டலுக்கும் கணக்குப் போட்டாள். அண்ணாச்சி கடைக்கு ஆள் வருகிறதா என்று சன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்தார். ஒருவழியாக வரைபடத்து மலைக் கணவாய்க்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே, கோயில் தூணிலிருந்து இறங்கி வந்ததாக நான் எழுதியிருந்த யாளி, வழியை மறித்துப் படுத்திருக்கிறது. என் ஆறு மாத உழைப்பின் உச்சமே அந்தச் சண்டைதான். "என்ன செய்யப் போறீக?" என்றேன். அண்ணாச்சி வாளை உருவுவதாகச் சொல்லிப் பகடையை எடுத்தார்.

"பொறுங்க அண்ணாச்சி." அத்தான் தோள்துண்டை உருவி, என் பக்கம் திரும்பினார். "ஏ ஆத்தா, நீதான யாளி? கையக் கொண்டா. வெட்டுக்குத்து எதுக்கு? பேசி முடிப்பம்."

எங்கள் பக்கத்து மாட்டுச்சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுக்கடியில் கையைக் கோத்து, விரலைப் பிடித்தே பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. முடித்த பேச்சை மாற்றுவதும் வெளியே சொல்வதும் அத்தானைப் பொறுத்தவரை மகாபாவம். எனக்கோ அந்த விரல் பாஷையில் அரிச்சுவடி கூடத் தெரியாது. யாளி அதை ஒப்புக்கொள்ளலாமா? கையை நீட்டினேன். அவர் இரண்டு விரலைப் பிடித்தார். நான் குத்துமதிப்பாக மூன்றைப் பிடித்தேன். நெற்றியைச் சுருக்கினார், தலையாட்டினார், கடைசியில் கையை ஒரு அழுத்து அழுத்தி விட்டார்.

"முடிஞ்சிருச்சு. யாளி வழி விட்டுருச்சு, நடங்க."

"என்னத்தக் குடுத்து முடிச்சீக?" என்று அக்கா துள்ளினாள்.

"துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்றதா? நல்லாருக்கே நாயம்!"

"எங்க உசுரயா குடுத்தீக?" என்று அண்ணாச்சி பதறினார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உலகத்தையே படைத்தவளுக்கு அது தெரியாது என்று எப்படிச் சொல்வது? கமுக்கமாகச் சிரித்து வைத்தேன்.

மறு ஞாயிறு மூன்று மணிக்கு வரச் சொன்னால், இரண்டரைக்கே அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். ரகசியத்தைக் கண்டுபிடிக்காமல் தூக்கம் வரவில்லையாம். அதைத் துரத்தியே இரண்டு வருடம் ஆடினோம். நான் எழுதி வைத்ததில் பாதி குப்பைக்குப் போனது. எனக்குத் துளியும் வருத்தமில்லை.

நாளை புது உலகம் தொடங்குகிறேன். இந்த முறை கடலும் தீவுகளும். ஏழு பேர் வருகிறார்கள், உட்கார இடமில்லை. இன்று காலை அத்தான் கீழிருந்து நாற்காலிகளைத் தூக்கி வந்தார்.

"பழைய ஆட்டந்தான் முடிஞ்சிருச்சே. இப்பவாவது சொல்லுங்கத்தான். யாளிகிட்ட என்ன பேசி முடிச்சீக?" என்றேன்.

நாற்காலியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"உனக்கு விரல் பாஷை தெரியலன்னு கைய வச்சதுமே தெரிஞ்சு போச்சு. கை சில்லுன்னு கெடந்துச்சு. எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாகளோன்னு பயந்த கை அது. அடுத்த வாரமும் எல்லாரையும் கூட்டியாரேன், ஆத்தா'ன்னு முடிச்சேன்."