தட்டை மறைத்த கை

போர்க்காலத்தில் வெருகல் பக்கமிருந்து காட்டுவழியாக நடந்து வந்தவர்களுக்குத் திருகோணமலையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் சமைத்துப் போட்டோம். வாரக்கணக்கில் பட்டினி கிடந்த ஒருவர், ஒரு அகப்பைச் சோற்றோடு தட்டைக் கையால் மறைத்து, "காணும் பிள்ளை, இனி ஏலாது" என்றார்.

"வெக்கப்படாமச் சாப்பிடுங்கோ" என்று அந்தக் கையை விலக்கிவிட்டு நிறையப் போட்டேன். ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். மூன்றாம் நாள் அவர் நெஞ்சடைத்து இறந்துபோனார். பட்டினிதான் கொன்றது என்று நினைத்தேன்.

பின்னாளில் போசாக்குப் படிப்பில் சேர்ந்தபோதுதான் தெரிந்தது: பட்டினியில் ஒடுங்கிய உடம்பில் திடீரென்று நிறையச் சோறு சேர்ந்தால், இரத்தத்தில் உப்புகள் குறைந்து இதயமே நின்றுவிடலாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கவேண்டும்.

இப்போது விருந்தாளி தட்டை மறைத்தால் சட்டியோடு குசினிக்குத் திரும்பிவிடுவேன். சோறு போட மனமில்லாதவள் என்று சொந்தக்காரர் கதைக்கிறார்கள். கதைக்கட்டும்.