முகவரி முழுமையாக இல்லை

பார்சல் கிடங்கில் அவளுக்கு அட்ரஸ் அக்கா என்று பெயர். மழையில் எழுத்துக் கலைந்தவை, கதவு எண் இல்லாதவை, வீடு மாறிப் போனவர்களுக்கு வந்தவை எல்லாம் அவளுடைய இரும்பு அலமாரிக்குத்தான் வரும். பதினோரு வருடமாக, உரியவரைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பிப்பது அவள் வேலை.

இடையில் இன்னொரு வேலையும் வந்து ஒட்டிக்கொண்டது. செல்போனை நீட்டிக்கொண்டு கவுன்ட்டருக்கு வருபவர்களுக்குப் பாடம் எடுப்பது.

"இது எங்க மெசேஜ் இல்லீங்க. நாங்க இந்த மாதிரி பத்து இலக்க செல் நம்பர்லேர்ந்து அனுப்ப மாட்டோம். மறுபடி கொண்டுவரக் காசு கேக்க மாட்டோம். லிங்க்கைத் தொடாதீங்க. யார் பேர்ல வந்தாலும் சரி, யோசிக்காம பிளாக் பண்ணுங்க."

"அக்கா தூக்கத்துலகூட இதையேதான் சொல்லும்" என்பார் பக்கத்து மேசையில் பார்சல்களை எடை போடுகிறவர்.

அந்தப் பாடத்தை முதலில் கேட்டவள் அவளுடைய மகள். மூன்று வருடத்துக்கு முன்னால் பிடித்தவனோடு போனாள். "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்று இவள் சொன்னாள், அவளும் மிதிக்கவில்லை. மறு வருடம் இவளே அந்த வாசலைக் காலி செய்துவிட்டு வேறு தெருவுக்குக் குடிபோனாள். மகளுக்குச் சொல்ல ரோஷம் விடவில்லை. ஆனால் தினமும் காலையில் செல்போனில் மகள் தன் எண்ணுக்கு நேரே வைத்திருக்கும் படத்தைப் பார்ப்பாள். போன மாதம் முகம் போய், அங்கே ஒரு பச்சைக்குழந்தையின் மூடிய கை வந்திருந்தது.

"என்னக்கா, போனைப் பாத்துச் சிரிக்கிறீங்க?" என்றார் எடை போடுகிறவர்.

"உங்க மூஞ்சி இல்ல, கவலப்படாதீங்க."

ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது அது வந்தது. 'முகவரி முழுமையாக இல்லாததால் உங்கள் பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.' பத்து இலக்க எண். சின்னத் தொகை. லிங்க். வேறு யாராவது நீட்டியிருந்தால் முழுதாகப் படித்திருக்கக்கூட மாட்டாள். ஆனால் மகளுக்குத் தெரிந்தது பழைய வீடு மட்டும்தானே? அவள் ஏதாவது அனுப்பியிருந்தால் இப்படித்தானே நின்றுபோயிருக்கும்? கை கழுவாமலே எழுந்து போய் அலமாரி முழுக்கத் துழாவினாள். இல்லை. வேறு கிடங்காக இருக்கலாம். லிங்க்கைத் தொட்டாள். கேட்டதையெல்லாம் கொடுத்தாள்.

ஒரு மணி நேரத்தில், அவள் எண்ணிலிருந்து, போனில் பெயருள்ள எல்லோருக்கும் அதே செய்தி பறந்தது.

"நீங்களாக்கா?" என்றார் எடை போடுகிறவர். கேலி செய்யவில்லை. போனை வாங்கி, உள்ளே நுழைந்தவனைத் துண்டித்துவிட்டுக் கொடுத்தார்.

அவள் மகளின் பெயரைத் தொட்டாள். மூன்று வருடத்தில் அம்மாவிடமிருந்து போன முதல் வார்த்தை அந்தப் பார்சல் செய்திதான். பக்கத்தில் இரண்டு நீலக் கோடு, படித்துவிட்டாள். மேலே, குழந்தையின் கை இருந்த இடத்தில் சாம்பல் நிற வெற்று உருவம்.

"பிளாக் பண்ணிட்டா."

"போன் போட்டுச் சொல்லுங்கக்கா."

போட்டாள். போகவில்லை. அவர் தன் போனைக் கொடுத்தார். அது அடித்து அடித்து ஓய்ந்தது.

"எடுக்க மாட்டா. தெரியாத நம்பரை எடுக்காதேன்னு நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"சரி, நேர்ல போங்க. அட்ரஸ் என்ன?"

முகவரி இல்லாத பார்சல்கள் அடுக்கியிருந்த அலமாரிப் பக்கம் அவள் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் கவுன்ட்டரில் ஒரு பெண் போனை நீட்டினாள். "மாமியார் நம்பர்லேர்ந்து வந்திருக்குக்கா. ஏதோ லிங்க்."

"லிங்க்கைத் தொடாதீங்க. ஆனா பிளாக் பண்ணாதீங்க. அவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க."

"அவங்களோட பேசியே நாலு வருசமாச்சு. இதுக்குப் போய் யாருக்கா பேசுவா?"

சிரித்துக்கொண்டே, இவள் கண் முன்னாலேயே பிளாக் செய்தாள். ஒரு நொடிகூட ஆகவில்லை.