பிழைத்ததாக நான் எழுதிய செடிகள்

பச்சை பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கழிவுக்கல் மேட்டின் சரிவில் பக்கவாட்டாகக் கால் வைத்து ஏறி வரும் அக்காதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறார். தண்ணீர் லாரி மேட்டின் அடிவாரத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து செடிகளுக்குச் சுமப்பது அவர் வேலை. காங்கேயத்துக்குத் தெற்கே, சுண்ணாம்புக்கல் தோண்டி முடித்த இடம் அது. கழிவைக் குவித்து, மேலே மண் பரப்பி, வேம்பும் புங்கனும் நட்டிருந்தார்கள். நிலம் மறுபடி உயிர் பிடிக்கிறதா என்று பார்த்து எழுத ஆண்டுக்கு ஒருமுறை கோவையிலிருந்து நான் போவேன்.

மேடு முழுவதையும் எண்ண முடியாது. அங்கங்கே நான்கு மூலையிலும் வெள்ளையடித்த கல் நட்டுச் சதுரங்கள் குறித்திருந்தோம். அவற்றுக்குள் உயிரோடு இருக்கும் செடிகளை எண்ணி, தண்டின் சுற்றளவை அளந்து, தானாக முளைத்த புல் பூண்டையும் குறித்துக்கொள்வேன். அதை வைத்தே மேடு முழுவதும் எப்படி இருக்கிறது என்று அதிகாரிகள் முடிவு செய்வார்கள். அக்கா நாடாவைப் பிடித்துக்கொள்வார். "கொழுக்கட்டைப் புல்லுங்க அம்மணி. மாட்டுக்கு இது இருந்தாப் போதும், வேறொண்ணும் கேக்காது" என்பார். சுரங்கம் வருவதற்கு முன்பு அதே நிலத்தில் களையெடுக்கப் போனவர். கணவர் இறந்துவிட்டார், வீட்டில் கண் தெரியாத மாமியார்.

மூன்றாம் ஆண்டு ஒரு வேம்பைச் சுற்றி நாடாவைப் பிடித்தபோது என் கை நின்றது. போன ஆண்டு கட்டைவிரல் பருமன் இருந்தது இப்போது சுண்டுவிரல் அளவு இருந்தது. மரம் இளைப்பதில்லை. அடிமண் பொலபொலவென்றிருந்தது; கிளறினால் நாற்றுப் பையின் கறுப்புக் கிழிசல் வந்தது. அடுத்த சதுரத்திலும் அப்படியே. சதுரங்களுக்கு வெளியே நின்ற செடிகளில் பெரும்பாலானவை சுள்ளியாகக் காய்ந்திருந்தன.

"ஏனுங்கக்கா, இதெல்லாம் புதுசா வெச்சதுங்களா?"

அக்கா தலை நிமிரவில்லை. "செடி செத்தா ஆளை நிறுத்திப்போடுவேன்னு மேஸ்திரி சொன்னாருங்க. வர்ற தண்ணி எல்லாத்துக்கும் எட்டலீங்க. நீங்க எண்ணறதாச்சும் இருக்கட்டும்னு வெச்சுப்போட்டேனுங்க. வேப்பங்கொட்டை பொறுக்கி ஊட்டுலயே வளத்துனதுங்க."

உள்ளதை எழுதினால் அவர் வேலை போய்விடும். எழுதாவிட்டால் யாருக்கு என்ன கெட்டுவிடும் என்று தோன்றியது. எல்லாச் சதுரத்திலும் 'உயிருடன்' என்றே எழுதி, அதை அக்காவிடமும் சொன்னேன். திரும்பி வரும்போது, ஒரு நல்ல காரியம் செய்ததாகப் பஸ்ஸில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் குறிப்பும் பொய்யாகிவிடும்.

அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். நிலம் தேறிவிட்டது, இனிப் பராமரிப்பு வேண்டியதில்லை என்று முடிவானது. தண்ணீர் லாரி நின்றது. ஒரு காலையில் அக்கா போன் செய்தார். "செடியெல்லாம் பொழைச்சிருச்சாமுங்க. இனி ஆள் வேண்டாமுன்னுட்டாங்க" என்றார். ஏன் இப்படி ஆனது என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. அறிக்கை தவறு என்று ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதினால் என் வேலை போகும். அவருக்காகப் பொய் எழுத முடிந்த எனக்கு, அவருக்காக உண்மையை எழுதத் துணிவு வரவில்லை.

அடுத்த சித்திரையில் யாரும் அனுப்பாமல் நானே போனேன். வெள்ளைக் கற்கள் மட்டும் அப்படியே இருந்தன. அவற்றுக்கு நடுவே வரிசை மாறாமல் குச்சிகள் நின்றன. ஒன்றை ஒடித்துப் பார்த்தேன். உள்ளே பச்சை இல்லை. இன்றும் நான் இதே வேலையில்தான் இருக்கிறேன். எந்த மேட்டுக்குப் போனாலும் சதுரங்களுக்கு வெளியே முதலில் நடந்து பார்க்கிறேன். அந்த மேட்டுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அன்று அந்த மேட்டிலிருந்தே காங்கேயம் போய் விசாரித்து அக்காவைக் கண்டுபிடித்தேன். எண்ணெய் மில்லை ஒட்டிய களத்தில் தேங்காய்ப் பருப்பைக் காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். மாமியார் மாசியில் போய்விட்டாராம். ஒரு டீ வரவழைத்து என்னைக் குடிக்க வைத்தார். செடிகளைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. என்னால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

"உங்க செடியெல்லாம் நல்லா இருக்குதுங்கக்கா. ஒசரமாயிருச்சு."

"அப்படிங்களா" என்றார். பருப்பைக் கிளறியபடி களத்தின் கடைசி வரை போய்த் திரும்பி வந்தார்.

"போன மாசம் நானே நடந்து போய்ப் பாத்துப்போட்டு வந்தேனுங்க அம்மணி." குரலில் கோபம் இல்லை. "எனக்கோசரம் ஒருக்கா பொய் சொன்னீங்க. அதுவே போதுமுங்க."