விலங்கின் நெற்றியில் குங்குமம்

கண்டியில் நான் தற்காலிக உபாத்தியாயராக இருந்த வருஷம், பரிசோதகர் வருவதற்கு முந்திய வாரம் தலைமை ஆசிரியர் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்தார். உலகத்தில் இப்போது இல்லாத விலங்குகளின் படங்கள் அதில் இருந்தன. வீடு உயரப் பல்லி போன்ற ஒன்றைத் துணியில் பெரிதாக வரைந்து வகுப்பில் தொங்கவிட வேண்டும்.

"இருக்கிற மாதிரியே கீறும், தம்பி. உம்மடை கற்பனை ஒண்டும் வேண்டாம். உம்மடை வேலை நிரந்தரமாகிறது பரிசோதகரின்ரை கையிலதான் கிடக்கு" என்றார்.

புத்தகத்தில் அதன் கண் வெறும் கறுப்புப் புள்ளி. உயிர் பிறவிதோறும் உடல் மாறும் என்று கோயில் பிரசங்கத்தில் கேட்டிருந்தேன். ஓர் இனமே அற்றுப்போன பிறகு, கடைசியாக அந்த உடலில் இருந்த உயிர் எங்கே போயிருக்கும்? வரைய வரைய இதே கேள்வி. சனிக்கிழமை துணியைச் சுருட்டிக்கொண்டு ரயிலேறி வத்தேகமத் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் இருந்த லயத்து வீட்டுக்குப் போனேன். அங்கேதான் கண்ணை எழுதினேன். மனிதக் கண்ணாக வந்துவிட்டது. தோட்டத்துத் துரை கூப்பிட்டால், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தாழ்த்திக்கொண்டு அப்பா நிற்பாரே, அந்தப் பார்வை. அழிக்க மனம் வரவில்லை.

பிசின் கலந்த சாயம் காயட்டும் என்று சுவரில் தொங்கவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் விலங்கின் நெற்றியில் அம்மா பொட்டு வைத்திருந்தாள். எண்ணெயில் குழைத்த குங்குமம். கீழே உடைத்த தேங்காய்.

"என்னம்மா செஞ்ச?"

"கண்ணத் தெறந்துட்டியேப்பா. பொட்டு வைக்காம விட்டா வீட்டுக்கு ஆகுமா?"

"இது சாமி இல்லம்மா. பள்ளிக்கூடத்துப் படம்."

"எதுவா இருந்தா என்ன? நம்மளப் பாக்குதுல்ல."

ஈரத் துணியால் துடைத்தேன். எண்ணெய் பரவி, சிவப்பு புருவம்வரை இறங்கியது. அதன்மேல் சாயமும் ஒட்டவில்லை. இன்னொரு படம் வரைய நாள் இல்லை. திங்கட்கிழமை காலை ரயிலில் அந்தச் சுருளை மடியில் வைத்திருந்தபோது, மறுபடியும் லயத்துக்கே திரும்பிக் கூலிக்குத் தேயிலை மலையேறும் வாழ்க்கைதான் கண்முன் நின்றது.

பரிசோதகர் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். தலைமை ஆசிரியர் என்னைப் பார்க்கவே இல்லை. கண்ணைப் பற்றிப் பரிசோதகர் ஒன்றும் கேட்கவில்லை. நெற்றியைத் தடியால் தொட்டு, இது என்ன என்றார்.

"காயம், ஐயா" என்றேன். "வேறொரு விலங்கு கடித்தது."

எந்த விலங்கு என்றார். புத்தகத்தைப் புரட்டி, பல் நீண்ட ஒன்றைக் காட்டினேன். தலையாட்டிவிட்டுக் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

வேலை நிரந்தரமான கடிதத்தோடு அடுத்த மாதம் வீட்டுக்குப் போனேன். அம்மா கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பொட்டப் பாத்து ஐயாமாரு என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்குன்னாங்கம்மா."

"பின்ன? வெறும் நெத்தியோடயா அனுப்பிவிடுவேன்" என்று சொல்லிவிட்டு, அம்மா அடுப்பை ஊதப் போனாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.