நாலாம் படியில் நெருப்பு

கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு வேலையிடத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற அந்த டீச்சரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது. லிஃப்ட் கதவு மூடினால் பயம். மூடாவிட்டால் அதைவிடப் பயம். கைபேசி அடித்தால், எடுப்பதற்குள் மனத்துக்குள் மூன்று பேருடைய சாவுச் செய்தியைக் கேட்டு முடித்திருப்பாள். எடுத்துப் பார்த்தால் தண்ணீர் கேன் போடுகிறவன். பதினாறு வருஷமாகத் தினமும் வகுப்புக் கதவுக்கு வெளியே நின்று ஒரு மிடறு தண்ணீர் குடித்த பிறகுதான் உள்ளே காலெடுத்து வைக்கிறாள். அவள் பலகையில் இழுக்கிற நேர்க்கோட்டில் படகு விடலாம், அத்தனை வளைவு என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

இந்தப் பயத்தை அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தவர் அவளுடைய அப்பா. கட்டட வரைபடம் போடுகிறவர். அவர் ஒரு அதட்டல் போட்டால் மூன்றாவது வீட்டில் தூங்குகிற பூனை எழுந்து வேறு தெருவுக்குக் குடிபோய்விடும். வீட்டில் எது உடைந்தாலும் அந்தச் செய்தியைக் கொண்டுபோகிற வேலை கடைக்குட்டியான இவள் தலையில் விழும். “நீ போய்ச் சொல்லுடி, உன்னய அடிக்க மாட்டாரு” என்று அண்ணன்கள் இரண்டு பேரும் முதுகில் கைவைத்துத் தள்ளுவார்கள்.

ஏழு வயதிலேயே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். முதலில் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுப்பாள். நேற்று அவர் வாங்கிவந்த பென்சில் வெண்ணெய் மாதிரி எழுதுகிறது என்பாள். இன்றைக்கு என்ன காற்று, ஜன்னலெல்லாம் எப்படி அடித்துக்கொண்டது தெரியுமா என்பாள். அப்புறம்தான், போகிற போக்கில், மேஜை விளக்கு உடைந்த கதை வெளியே வரும். அதற்குள் அப்பாவின் கோபம் பாதி வழியிலேயே களைத்து உட்கார்ந்திருக்கும்.

வளர்ந்து, பட்டம் வாங்கி, கல்லூரி வேலைக்கு வந்தபோது அதே வித்தையைத்தான் பாடமாக்கினாள். கெட்ட செய்தியை மேலதிகாரிக்கு எப்படிச் சொல்வது? பலகையில் ஐந்து படி வரைவாள். முதல் படி வணக்கம், இரண்டாவது நன்றி, மூன்றாவது பின்னணி, நாலாவதுதான் பிரச்சினை, ஐந்தாவது வேண்டுகோள். “நேரா நாலாம் படிக்குத் தாவாதீங்க, விழுந்துடுவீங்க” என்பாள். பிள்ளைகளும் பதினாறு வருஷமாக ஒழுங்காக ஏறினார்கள். வேலையும் கிடைத்தது. பேருந்துச் சீட்டை இணையத்தில் விற்கிற ஒரு கம்பெனி மட்டும் வருஷத்துக்கு முப்பது பேரை அள்ளிக்கொண்டு போனது.

வினை அந்தக் கம்பெனியிலிருந்துதான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மென்பொருள் கிறுக்குப் பிடித்து, ஒரே இருக்கையை இரண்டு பேருக்கு விற்கத் தொடங்கியது. முதலில் கண்டுபிடித்தவன் டீச்சரின் பழைய மாணவன். உடனே மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதினான். பதினோரு வரி. ஒன்பதாவது வரியில் பிரச்சினை. மேலாளர் சாப்பாட்டுக்கு நடுவே முதல் இரண்டு வரியைப் படித்தார். ‘நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவன்’ என்று நினைத்துக் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அவர் கை கழுவி, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தபோது, ஊரில் புறப்பட்ட ஒவ்வொரு பேருந்திலும் பாதிப் பேர் மற்றப் பாதிப் பேருடைய மடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதில் விசேஷம் என்னவென்றால், டீச்சரின் கணவர் பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பர். அன்றைக்குப் பதினேழாம் எண் இருக்கைக்குச் சண்டை போட்ட இரண்டு பேரை விலக்கப் போய், சட்டைப் பை கிழிந்து வீட்டுக்கு வந்தார். “எவனோ கம்ப்யூட்டர்காரன் பண்ண வேலை. அவனுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவன் கையில கெடைக்கட்டும், அப்புறம் இருக்கு” என்று கறுவினார். அவள் “ஐயோ பாவம்” என்று உச்சுக்கொட்டிப் பையைத் தைத்துக் கொடுத்தாள்.

எட்டு நாள் கழித்துக் கல்லூரி முதல்வர் அவளைக் கூப்பிட்டு அந்த மின்னஞ்சலை நீட்டினார். படித்துப் பார்த்தாள். வணக்கம், நன்றி, பின்னணி என்று அவள் வரைந்த படிகள் கொஞ்சமும் பிசகாமல் நின்றன.

“கம்பெனியிலேர்ந்து ஒரு அம்மா வராங்க. வியாழக்கிழமை உங்க கிளாஸ்ல உக்காந்து பாப்பாங்க” என்றார் முதல்வர்.

“பாத்து... என்ன சார் பண்ணுவாங்க?”

“சரின்னு சொன்னா அடுத்த வருஷம் உங்க கிளாஸ் இருக்கும். இல்லன்னா...” என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடினார். அந்தச் சத்தம் மூன்று நாள் அவள் காதிலேயே குடியிருந்தது.

கணவரிடம் சொல்ல நாலு தடவை வாயெடுத்தாள். நாலு தடவையும் பின்னணியிலேயே நின்றுவிட்டாள். புதன்கிழமை சாப்பிடும்போது அவரே கேட்டார். “தட்டுல என்ன பரீட்சையா எழுதறே? சாப்பிடேன்.”

“நாளைக்கு ஒருத்தங்க என் கிளாஸ்ல வந்து உக்காரப் போறாங்க.”

“உக்காரட்டுமே. நின்னாத்தான் கால் வலிக்கும்” என்றவர் குழம்பை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அவளுக்கு ஒரு மிடறு போதவில்லை, பாட்டிலே காலியானது. வகுப்பு இரண்டாம் மாடியின் கடைசி அறை. பின் பெஞ்சுக்குப் பின்னால் இருக்கிற சுவருக்கு அந்தப் பக்கம், மின்சாரம் போனால் கணினிகளைத் தாங்குகிற பெரிய பேட்டரிகள் அடுக்கிய அறை. கம்பெனி அம்மா முன்வரிசையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள். நல்ல ஜலதோஷம், மூக்கும் கைக்குட்டையும் பிரியவே இல்லை. மடியில் மதிப்பெண் தாள்.

“வாடிக்கையாளர்கிட்ட ஒரு கெட்ட செய்தி சொல்லணும். யார் வேணும்னாலும் எழுந்து பேசலாம்” என்று டீச்சர் ஆங்கிலத்தில் தொடங்கினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. முதலில் எழுந்தவன் வணக்கத்திலேயே தடுக்கி விழுந்தான். இரண்டாமவன் மூன்று தடவை நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தான். கம்பெனி அம்மாவின் பேனா ஏதோ கிறுக்கியது. டீச்சர் காலி பாட்டிலைத் திறந்து மறுபடி வாயில் கவிழ்த்துப் பார்த்தாள். லேசாக ஒரு கருகல் வாடைகூட வந்தது. பயம் முற்றினால் இப்படித்தான் வாடையடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது பின் பெஞ்சிலிருந்து ‘மைக்’ எழுந்தாள். வகுப்பில் முதலாவதாக வருகிற பெண். பேச ஆரம்பித்தால் வராண்டாவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள், அதனால் அந்தப் பெயர். டீச்சருக்குப் போன உயிர் திரும்பியது.

“மதிப்புக்குரிய மேடத்துக்கும் எங்கள் விருந்தினருக்கும் வணக்கம்” என்று அழகான ஆங்கிலத்தில் தொடங்கினாள் மைக். “பேசுவதற்கு வாய்ப்பளித்தமைக்கு மனமார்ந்த நன்றி. நான் கடந்த இருபது நிமிடங்களாகப் பின்சுவரை ஒட்டி அமர்ந்திருக்கிறேன். அந்தச் சுவர் வழக்கமாகக் குளிர்ச்சியாக இருக்கும் என்பது தாங்கள் அறிந்ததே.”

கம்பெனி அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். டீச்சர் விரலை மடக்கினாள்: வணக்கம் ஆச்சு, நன்றி ஆச்சு, பின்னணி பிரமாதம்.

“தற்போது அது கைவைக்க முடியாத அளவுக்குச் சுடுவதையும், அதன் துவாரத்தின் வழியே புகை வருவதையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். இது தொடர்பாகத் தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.”

வகுப்பே கைதட்டியது. ஐந்து படியும் ஏறி உச்சியில் கொடி நாட்டிவிட்டாளே! கம்பெனி அம்மா தலையை ஆட்டிக்கொண்டு தாளில் ஒன்பது போட்டாள். “என்ன கற்பனை!” என்று மூக்கைச் சிந்தினாள்.

மைக் உட்காரவில்லை. டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் புன்னகை, பாடத்தில் சொன்ன மாதிரியே. கையைப் பார்த்தாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்த அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நடுக்கத்தில் டீச்சரை ஏமாற்ற உலகத்தில் யாராலும் முடியாது. மேடைக்குப் பயந்த நடுக்கம் முட்டியில் வரும், மதிப்பெண்ணுக்குப் பயந்த நடுக்கம் உதட்டில் வரும். இது விரல் நுனியில் தொடங்கி முழங்கைக்கு ஏறுகிற நடுக்கம், உயிருக்குப் பயந்தது. அதற்குள் மைக்கின் தலைக்கு மேலே, சுவரில் ஒயர் போகிற ஓட்டையிலிருந்து ஒரு கறுப்பு நூல் நெளிந்து இறங்கியது.

“நெருப்பு! எல்லாரும் வெளியே ஓடுங்க! பையெல்லாம் விடு, பெஞ்சு மேல ஏறி வா, எந்திரிடா!”

ஆங்கிலமும் இல்லை, வணக்கமும் இல்லை. அந்தக் கத்தலில் வாசலில் இருந்த காவலாளியின் கையிலிருந்து டீ டம்ளர் விழுந்தது என்றால் நம்புங்கள். கல்லூரிக்கு வெளியே போய்க்கொண்டிருந்த லாரிகூட பிரேக் போட்டதாகச் சொல்கிறார்கள். கம்பெனி அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பிள்ளைகளை முன்னால் விரட்டிக்கொண்டு, படிக்கட்டில் இறங்கும்போது டீச்சரின் பற்கள் டைப் அடித்துக்கொண்டிருந்தன. ஆனாலும் ஒவ்வொரு தலையாக எண்ணினாள். நாற்பத்தொன்று. மைதானத்தில் நிறுத்தி மறுபடி எண்ணினாள். நாற்பத்தொன்று. அதற்கப்புறம்தான் அவள் தரையில் உட்கார்ந்தாள்.

மேலே டப் டப்பென்று இரண்டு பேட்டரிகள் வெடித்தன. மின்பணியாளர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். தீயணைப்பு வண்டி வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பின் பெஞ்சு மட்டும் கரிக்கட்டை.

கம்பெனி அம்மா மதிப்பெண் தாளையே வெறித்துக்கொண்டிருந்தாள். “நெருப்புன்னு ஒரு பொண்ணு சொல்றா, நான் ஒம்பது போடறேன்” என்று முணுமுணுத்தாள். பிறகு தலையைத் தூக்கினாள். “இப்படிப் பேசணும்னு இவளுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?”

மைதானத்துக்கு ஓடிவந்திருந்த முதல்வர் முந்திக்கொண்டார். “மேடம், முதல்ல நீங்க இவ்ளோ தூரம் வந்ததுக்கு ரொம்ப நன்றி. எங்க கல்லூரியப் பொறுத்தவரைக்கும்...”

“நான்தான்” என்றாள் டீச்சர், தரையில் உட்கார்ந்தபடியே. “தப்பு என்னோடது. அந்தப் பொண்ணு மேலயும் இல்ல, அன்னிக்கு மெயில் போட்ட பையன் மேலயும் இல்ல. கெட்ட சேதியச் சொல்ல எனக்குப் பயம். அந்தப் பயத்தத்தான் பதினாறு வருஷமாப் பாடம்னு நடத்தியிருக்கேன்.”

சொன்ன பிறகு, அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் நிற்கிற மாதிரிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அதட்டல் வரவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது.

“அவ சும்மா பேசலன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?”

“கை நடுங்கிச்சும்மா. எனக்கு முழுசாத் தெரிஞ்ச பாடம் அது ஒண்ணுதான்.”

கம்பெனி அம்மா அந்த ஒன்பதை அடித்தாள். மைக்கின் பெயருக்கு நேராக வேறு ஒன்றும் எழுதவில்லை. “அடுத்த வருஷமும் நீங்களே நடத்துங்க. ஆனா அந்தப் படியத் தலைகீழாப் புரட்டிப் போடுங்க. பிரச்சின முதல்ல, வணக்கம் கடைசில” என்றாள். முதல்வர் இன்னும் தன் நன்றியை முடிக்காமல் வாயைத் திறந்தபடி நின்றார்.

சாயங்காலம் கணவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் வாசலுக்கே வந்து நின்றாள். சேலையில் புகை வாடை. கையில் தண்ணீர்ச் செம்பு இல்லை.

“அன்னிக்கு ஒரே சீட்டுக்கு ரெண்டு பேர் சண்ட போட்டு உங்க பை கிழிஞ்சுதே, அந்தக் கம்ப்யூட்டர்காரனுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தது நான்தான்.”

அவர் ஒரு கால் செருப்போடு நின்றார். தைத்த பையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் பதறிப்போய் அவள் நெற்றியில் கைவைத்தார்.

“என்னடி இது, எடுத்த எடுப்புலயே விஷயத்துக்கு வந்துட்டே? உடம்பு கிடம்பு சரியில்லையா?”