புல்மலைத் தீயும் என் புதுச் சொளகும்

எழுபத்தாறாம் வருஷம் மாசி மாதம், பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டத்தில் என் மூத்த மகளுக்கு வளைகாப்பு. மூன்று மணிக்குள் முதல் வளையலைத் தாய் போட வேண்டும். பிந்தினால் சம்பந்தியம்மா போட்டுவிடுவார். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

நானும் வீட்டுக்காரரும் காலை ஆறரைக்குக் குருவிட்டையில் பஸ் ஏறி, இரத்தினபுரியில் மாறி, பதினொன்றுக்குப் பலாங்கொடையில் இறங்கினோம். இருவருக்கும் மூன்று ரூபாய் சொச்சம். பிறகு நாலு மைல் நடை, முழுக்கப் புல்மலை. வளையல் என் மடியில், பலகாரம் தலைமேல், அரிசி புடைக்க வாங்கிய புதுச் சொளகில்.

இரண்டாம் மைலில், எங்களுக்கு எதிரே பாதைக்கு மேலே மானாப்புல் பற்றி எரிந்தது. வீட்டுக்காரர் நின்றுவிட்டார்.

"காத்து நம்ம முதுகுல அடிக்குதுங்க. நெருப்பு அந்தப் பக்கமாத்தான் போகும், வாங்க" என்றேன். நாற்பது வருஷம் அடுப்பு ஊதியவள் நான்!

கீழே, எரிந்து ஆறிய கறுப்பு மேட்டிலிருந்து ஒரு சிங்கள விவசாயி கத்தினார்: "சுளங்க! சுளங்க!"

தீயை அடிக்கச் சொளகு கேட்கிறார் போலும். பாவம் என்று பலகாரத்தை முந்தானையில் கொட்டி, சொளகைத் தூக்கிக் காட்டினேன். காற்று அதைப் பிடுங்கி நெருப்புக்குள்ளேயே கொண்டுபோனது.

"அடியே, சுளங்கன்னா சிங்களத்துல காத்துடி! காத்து திரும்புதாம், ஓடு!" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

கறுப்பு மேட்டில் கால் வைத்தோமோ இல்லையோ, நாங்கள் நின்ற இடம் எரிந்தது. அந்த மனிதர் சிங்களத்தில் விளக்க, வீட்டுக்காரர் தமிழில் சொன்னார்: சூட்டுக்காற்று மேலே போகும், அந்த இடத்தை நிரப்பச் சுற்றியுள்ள காற்று ஓடி வரும். "உங்க முதுகுல அடிச்சது நெருப்பு இழுத்த மூச்சு, அம்மே. மலைக்காத்து இறங்கினா அது உங்க பக்கம் திரும்பிடும்." காற்றுதான் நெருப்பை ஆட்டும் என்று நினைத்திருந்தேன். நெருப்பும் காற்றை ஆட்டுமாம்.

தீ அடங்கும் வரை அங்கேயே நின்றுவிட்டு நடந்து, மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் நுழைந்தோம். சம்பந்தியம்மா மூன்று மணி வரை பொறுக்காமல், முதல் வளையலை என் மகள் விரல்களில் ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் கரிமுகத்தைக் கண்டு, "ஐயோ, பேயி!" என்று வளையலோடு பின்னால் பாய்ந்தார். நான் முன்னால் பாய்ந்து என் வளையலைப் போட்டுவிட்டேன்.

மாசி, பங்குனியில் அந்த வழி போகிறவர்கள் காலை பத்துக்குள் மலையைக் கடந்துவிடுங்கள். வெயில் ஏறினால் காற்றும் தீயும் சேர்ந்தே மேடேறும். முதுகுக் காற்றை நம்பாதீர்கள், எரிந்து ஆறிய தரையைத் தேடுங்கள். நேரம் போதாவிட்டால் முகம் கழுவ நிற்கவும் வேண்டாம். எனக்கு அது நன்மையாகத்தான் முடிந்தது.